மறைப்புக் கூடாரம்

வவுனியாவிலிருந்து மாணவ நேயர் ஒருவர் எழுதியுள்ளார். அவர் வீட்டுக்கு அண்மையிலே குளமொன்று உண்டாம். கையிலே கமராவும் உண்டாம். ஆயினும், கரையிலே கால் வைத்த மாத்திரத்தே கொக்கும் நாரையும் எழுந்து மறுகரைக்குப் போய்விடுகின்றன என்பது அவருடைய முறைப்பாடு. மடித்துத் தோளிலே கொண்டுசெல்லக்கூடிய மறைப்புக் கூடாரங்கள் விற்பனைக்கு வருகின்றனவே, அவற்றுள் ஒன்றை வாங்கலாமா, வாங்குவதாயின் எத்தகையதை வாங்குவது என்று கேட்கிறார். வாடைக் காற்றோடு வரும் பறவைகள் நம் குளங்களையும் களப்புகளையும் நிறைக்கும் காலத்திற்கு ஏற்ற வினாவாதலின், இக்கிழமை இதனையே எடுத்துக்கொண்டோம்.

ஒளிந்திருந்து விலங்கின் வரவை எதிர்பார்த்தல் நம்மவர்க்குப் புதிதன்று. நீர் வேட்கையால் இரவிலே வரும் காட்டுப்பன்றிக்காக, நீர்க்குழியின் பக்கத்தே தோண்டிய பள்ளத்துள் ஒடுங்கிக் கிடக்கும் வேட்டுவரைப் பெரும்பாணாற்றுப்படையிலே கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டுகின்றார். நீர் அரிதான பொழுதிலே நீர்க்கரைதான் விலங்கு வந்தே தீரவேண்டிய இடம் என்பதை அவ்வேட்டுவர் அறிந்திருந்தனர். இன்றைய கூடாரத்தையும் அந்த அறிவு இல்லாமல் நட்டால், உள்ளிருப்பவர் நாள் முழுவதும் வெற்று வெளியையே பார்த்துக்கொண்டிருக்க நேரும். கூடாரம் விலங்கை வரவழைப்பதில்லை. வருகின்ற விலங்கு நம்மைக் காணாதபடி செய்வது மட்டுமே அதன் தொழில்.

இப்போது விற்கப்படும் துணிக் கூடாரங்களிற் பெரும்பாலானவை அமெரிக்க வேட்டைக்காரரை எண்ணிச் செய்யப்பட்டவை. அங்கே காட்டு வான்கோழியும் மானும் வேட்டைக்குரியன. வான்கோழி மிகக் கூர்மையான பார்வையுடையது. கையை அசைத்தாற்போதும், ஓடிவிடும். கதிரையில் அமர்ந்து வில்லை வளைக்கும் வேட்டைக்காரனின் அசைவை மறைப்பதற்காகவே இக்கூடாரங்கள் அகலமாகவும், நடுவிலே ஏறத்தாழ ஓர் ஆள் உயரமாகவும், நாற்புறமும் சன்னல்கள் கொண்டனவாயும் அமைந்தன. வாங்குவோர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். வில்லுக்கு வேண்டிய உயரம் கமராவுக்கு வேண்டியதில்லை. முக்காலியில் அமர்ந்திருப்பவருடைய தலைக்கு மேல் ஒரு சாண் இடம் இருந்தாற் போதும். உயரம் குறையக் குறையக் காற்று பிடிப்பதும் குறையும், சுமையும் குறையும்.

பறவையை ஏமாற்றுவது எது என்ற வினாவுக்கு இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரரின் கதை நல்ல விடையாகும். யோக்ஷயர்ப் பகுதியிலே பிறந்த இறிச்சட் கியர்ட்டனும் செறி கியர்ட்டனும், பறவைக் கூடுகளை உள்ளபடியே படமெடுத்து 1895ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டவர்கள். நூல் முழுவதையும் காட்டில் எடுத்த நிழற்படங்களால் நிரப்பியதில் அவர்களே முன்னோடிகள். கூச்சமுள்ள பறவைகளை நெருங்குவதற்கு அவர்கள் செய்யாத வேடமில்லை. பொய் மரத்தண்டு செய்தனர். பின்னர், 1900ஆம் ஆண்டளவில், மரச்சட்டத்தின்மேல் மாட்டுத்தோலைப் போர்த்து, உள்ளே ஒருவர் நிற்கக்கூடிய பொய்க் காளை ஒன்றையும் செய்வித்தனர். அதனுள் நெடுநேரம் குனிந்து நின்ற இறிச்சட் ஒருமுறை மயங்கி விழவே, காளையும் அவரோடு கவிழ்ந்து கிடந்தது என்று சொல்வர். புல்வெளிப் பறவைகள் காளையைக் கண்டு அஞ்சவில்லை என்பது உண்மையே. ஆனால் அவர்களுக்குப் பின்வந்தோர், காளையும் வேண்டாம், மரமும் வேண்டாம், நான்கு கம்பும் ஒரு துணியும் போதும் எனக் கண்டுகொண்டனர். உருவம் எதுவாயினும் பறவை சில நாட்களில் அதற்குப் பழகிவிடும். பழகாதது அசைவுக்கு மட்டுமே.

இதனை நன்கு விளங்கிக்கொண்டால், கடைகளிலே துணிமேல் அச்சிட்டிருக்கும் இலைக்கும் மரப்பட்டைக்கும் அதிக பணம் கொடுக்க மனம் வராது. அச்சிட்ட இலை வாங்குபவர் கண்ணைக் கவர்வதற்கே பெரிதும் பயன்படுகிறது என்பது நம் கருத்து. மங்கிய பச்சையோ மண்ணிறமோ எதுவும் தகும். பளபளப்பு மட்டும் கூடாது. பறவைகளிற் பல, மனிதக் கண்ணுக்குப் புலனாகாத ஊதாக் கடந்த ஒளியையும் காணவல்லவை. ஆடையை வெண்மையாக்கவென்று சலவைத் தூளிற் சேர்க்கும் பொருள்கள் அவ்வொளியை உறிஞ்சி, நீல ஒளியாகத் திருப்பித் தருகின்றன. ஆகவே கூடாரத் துணியையும், உள்ளே அணியும் சட்டையையும் அத்தகைய தூளிலே தோய்க்காதிருப்பது நன்று.

வெளிநிறத்தைவிட உள்நிறமே முக்கியம். உட்புறம் கறுப்பாக இருத்தல் வேண்டும். பகலிலே இருண்ட அறையின் யன்னலருகே நிற்பவர் தெருவை நன்றாகக் காண்கிறார். தெருவிலே போவோர் அவரைக் காண்பதில்லை. கிடுகு வேலிக்குள் இருந்து ஒழுங்கையைப் பார்த்துப் பழகிய யாழ்ப்பாணத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்த இருட்டைக் கெடுப்பது எதிரெதிரான இரண்டு சன்னல்களை ஒருங்கே திறந்துவைப்பதாகும். பின்சன்னல் திறந்திருந்தால், உள்ளிருப்பவரின் உருவம் வெளிச்சத்தில் நிழற்பாவைபோலத் தெரியும். முன்புறத்தில் ஒரு நீண்ட பிளவு, பக்கங்களில் சிறு துளைகள், பின்புறம் முழுதும் அடைப்பு என்பதே ஏற்ற அமைப்பு. முன்பிளவுக்குக் கறுப்புச் சாயமிட்ட நுளம்பு வலையைத் தொங்கவிட்டு, கமராவின் குழலை மட்டும் அதனூடே நீட்டிவைக்கலாம்.

கடைக் கூடாரங்களில் இரண்டு வகைகளே பெரிதும் காணப்படுகின்றன. ஒன்று, ஒவ்வொரு சுவரின் நடுவிலும் குமிழ் ஒன்றிருக்க, அதனைப் பற்றி வெளியே இழுத்ததும் வளையும் கம்பிகள் விறைத்து நிற்பது. இது காற்றுக்கு உறுதியாக நிற்கும். ஆனால் பாரமும் நீளமும் கூடியது. மற்றையது, உருக்குச் சுருள் நாடாக்களால் ஆனது. பையிலிருந்து விடுவித்ததும் தானே விரிந்துவிடும். இலேசானது, மலிவானது. மடிப்பதோ தனிக்கலை. எட்டு வடிவமாக முறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாய் மடக்கத் தெரியாதவர் அதனோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் சிரிப்பை அடக்க இயலாது. எதை வாங்கினாலும் கடையிலேயே ஒருமுறை விரித்து மடித்துப் பார்த்து, சன்னல்களைத் திறந்து காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஒட்டுப்பட்டி வைத்த சன்னல்கள் திறக்கும்போது துணி கிழிவதுபோல் இரைச்சலிடும். அதிகாலை அமைதியிலே குளம் முழுவதும் கேட்கும். கொளுவியும் நாடாவும் வைத்தவையே மேல்.

இனி, நம் நேயருக்கு நாம் உண்மையாகச் சொல்ல விரும்புவது யாதெனில், முதலாவது கூடாரத்தை வாங்காமல் செய்துகொள்ளலாம் என்பதே. நாலடிச் சதுரம், ஐந்தடி உயரம். நான்கு மூங்கில் அல்லது கமுகஞ் சலாகைகள். சுற்றிக் கட்டப் பழைய சாக்குத் துணி. அதனினும் எளிது கிடுகு. வேலியோரத்திலும் கொட்டிலருகிலும் நம்மூர்ப் பறவைகள் கிடுகைக் கண்டே வளர்ந்தவை. ஏற்கெனவே நிற்கும் வேலியின் மூலையொன்றிலே நாலைந்து கிடுகுகளைச் சாய்த்துக் கட்டிவிட்டால், புதிதாக ஒன்று வந்ததாகவே அவை கொள்வதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் எந்தக் கூடாரத்துக்கும் இல்லாத சிறப்பு இது. தோளிலே கொண்டுசெல்ல இயலாது என்ற ஒரு குறைதான்.

நடும் இடத்தைத் தெரிவதில் சூரியனையும் காற்றையும் முதலிற் பார்க்க வேண்டும். காலையிற் பார்ப்பதாயின் கிழக்கு முதுகுப்புறமாக அமைய வேண்டும். அப்போது வெயில் பறவைமேல் விழும். கூடாரத்தின் முகம் நிழலில் இருக்கும். பறவைக்கு நம் மணம் பெரும்பாலும் பொருட்டன்று. மான், மரை, பன்றி முதலியவற்றுக்கோ அதுவே எல்லாம். ஆதலின் விலங்கு வரும் திசையிலிருந்து நம்மை நோக்கிக் காற்று வீசுதல் வேண்டும். துணி படபடப்பதைப்போல் பறவையை வெருட்டுவது வேறில்லை. சோளகம் வீசும் மாதங்களில் மன்னார்க் கரையிலே முளைகளை நட்டுப் பயனில்லை. மணல் அவற்றைப் பிடிக்காது. வெற்று உரப்பைகளிலே மணலை நிரப்பி, கூடாரத்தின் அடியோரத்திலே நாற்புறமும் வைத்து இறுக்க வேண்டும். உள்ளே உள்ள சருகுகளைக் கூட்டி அகற்றிவிட வேண்டும். சருகின்மேல் காலை மாற்றி வைக்கும் ஓசை நாரைக்கு நன்றாகக் கேட்கும்.

முதல் நாளே பறவை நிற்கும் இடத்தருகிற் போய் நடுதல் கூடாது. முப்பது யாருக்கு அப்பால் நட்டு, ஆளில்லாமல் ஒரு நாள் விட வேண்டும். மறுநாள் சிறிது அண்மையில்; அதன் மறுநாள் இன்னும் சிறிது அண்மையில். கமராக் குழல் நீட்டியிருக்க வேண்டிய பிளவிலே, கறுப்புத் தாள் சுற்றிய போத்தல் ஒன்றைச் செருகிவைத்தால் அதற்கும் பறவை பழகிவிடும். உள்ளே போகும்போது துணைக்கு ஒருவரை அழைத்துச் சென்று, அவர் மட்டும் யாவரும் காணத் திரும்பி நடந்துவிட வேண்டும். வந்தவர் போய்விட்டார் என்று கொண்டு பறவைகள் திரும்பிவருவதைப் பலரும் கண்டிருக்கின்றனர். காகத்திடம் மட்டும் இது எப்போதும் பலிப்பதில்லை. வெளியேறும்போதும் அத்துணைவர் வந்து அழைத்துச் செல்ல வேண்டும். கூடாரத்துக்குள் இருந்து மனிதன் முளைப்பதை ஒருமுறை கண்ட பறவை, அதன்பின் அக்கூடாரத்தை நம்புவது அரிது.

இதுவரை கூறியது நீர்க்கரைக்கும் இரைதேடும் வெளிக்கும் பொருந்தும். கூட்டருகே நடுவது வேறு செய்தி. அதிலே ஓர் உயிர் மட்டுமன்றி நான்கு உயிர்கள் நம் கவனத்தில் தங்கியிருக்கின்றன.

ஆட்காட்டியை எடுத்துக்கொள்வோம். அது கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையிலே சிறு பள்ளத்தில், பெரும்பாலும் நான்கு முட்டைகளை இட்டு, ஏறத்தாழ நான்கு கிழமைகள் ஆணும் பெண்ணும் மாறிமாறிக் காக்கும். குளிர்நாடுகளிலே பறவை முட்டைமேல் அமர்வது சூடு கொடுப்பதற்கு. நம் வரண்ட பகுதிகளிலே நடுப்பகலில் அமர்வதும் நிற்பதும் சூட்டைத் தடுப்பதற்கு. உள்ளிருக்கும் கருவுக்கு ஏற்றது ஏறத்தாழ 37 அல்லது 38 பாகை செல்சியசு. நண்பகல் வெயிலில் வெறுமணலோ 50 பாகையைத் தாண்டிவிடும். அதனாலன்றோ தாய்ப்பறவை நீருக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்து வந்து முட்டைகளை ஈரமாக்குகிறது! அந்த வேளையிலே நாம் பத்து அடி தூரத்திற் கூடாரத்தை நட்டுக்கொண்டிருந்தால், பறவை மேலே வட்டமிட்டுக் கதறிக்கொண்டிருக்கும். அதன் கதறலைப் படம் பிடிப்பவர் கேட்டுக்கொண்டே இருப்பார். கீழே முட்டைகள் வெந்துகொண்டிருக்கும். பின்பு பறவை திரும்பி வந்து அமர்வதையும் காணலாம். படமும் நன்றாக அமையலாம். அமர்ந்திருப்பது உயிரற்ற முட்டைகளின்மேல் என்பது படத்திலே தெரியாது.

மன்னார்க் களப்புகளின் ஓரத்திலே இவ்வாறே மணலில் முட்டையிடும் சிறு உப்புக்கொத்தி ஒன்றுண்டு. நெடுங்காலம் கெந்திசு உப்புக்கொத்தியின் கிளையாகவே அதனை எண்ணிவந்தனர். 2023ஆம் ஆண்டிலே அது தனி இனமென ஆய்வாளர் நிறுவி, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வதால், சேது கட்டிய அனுமான் பெயரால் அனுமான் உப்புக்கொத்தி என வழங்கலாயினர். செய்தி பரவியதும் அதனைப் படமெடுக்கும் ஆவல் பலர்க்கும் உண்டாயிற்று. ஆவல் இயல்பே. ஆயினும் மணல்நிற முட்டையை, அடிவைக்கும் வரை எவரும் காண்பதில்லை என்பதை அங்கே செல்வோர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

புதர்க் கூடுகளுக்கு வேறு தீங்கு நேர்கிறது. கூடு நன்றாகத் தெரியவில்லையென்று முன்னிற்கும் கொப்பை முறித்துவிடுகின்றனர். படம் தெளிவாக விழும். அதே தெளிவோடு வெயிலும் விழும், காகத்தின் கண்ணும் விழும். கொப்பை நூலாற் பிடித்துக் கட்டி, வேலை முடிந்ததும் அவிழ்த்துவிட அரை நிமிடம் போதும். புல்லை மிதித்துப் போட்ட ஒற்றையடிப் பாதையோ, கீரிக்கும் நாய்க்கும் நாமே போட்டுக்கொடுத்த வழியாகும்.

ஆகவே மாணவர்கள் கூட்டருகே கூடாரம் நடவே வேண்டாம் என்பது நம் உறுதியான கருத்து. பல ஆண்டு பழகியவர் செய்வதாயினும், நடுப்பகலைத் தவிர்த்து, காற்மணி நேரத்துள் பறவை திரும்பாவிடில் கூடாரத்தைப் பின்னிழுத்துக்கொண்டு போய்விட வேண்டும். சட்டமும் இதில் உண்டு. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், நம் நாட்டுப் பறவைகளிற் பெரும்பாலானவற்றையும் அவற்றின் கூடு முட்டைகளையும் காக்கிறது. தேசிய வனங்களிலே குறித்த இடங்களிலன்றி வண்டியைவிட்டு இறங்கவே கூடாதாகையால், அங்கே கூடாரத்துக்கு இடமில்லை. சரணாலயங்களில் வனசீவராசிகள் திணைக்களத்தாரைக் கேட்டே எதுவும் செய்ய வேண்டும்.

உள்ளிருப்பவரின் பாதுகாப்பையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. வடபகுதியிலே கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் நிலத்தை எந்தப் பறவைக்காகவும் மிதிக்கக் கூடாது. துப்புரவு செய்த நிலமா என்று ஊரவரைக் கேட்டறிந்தபின்பே முளை அடிக்க வேண்டும். யானை நடமாடும் குளக்கரையிலே துணிச்சுவர் எதையும் காக்காது. மன்னார், யாழ்ப்பாணக் கரையோர மணற்பாங்கிலே சுருட்டை விரியன் உண்டு. இரவு நின்ற கூடாரத்துள் ரோர்ச் அடித்துப் பாராமல் கால் வைத்தலும், உதறாமல் மடித்தலும் தகா.

பறவையாலேயே கேடு வருவதும் உண்டு. இங்கிலாந்தின் புகழ்பெற்ற பறவைப் படக்காரர் எரிக் ஹொஸ்கிங், 1937ஆம் ஆண்டிலே வேல்ஸ் நாட்டில், ஆந்தைக் கூட்டருகே உயரத்தில் அமைத்த தம் மறைவிடத்துக்கு இருளிலே ஏறிச் சென்றார். குஞ்சுகளைக் காத்துநின்ற ஆந்தை ஓசையின்றிப் பறந்துவந்து முகத்திலே அறைந்தது. நகம் இடக்கண்ணிற் பாய்ந்து, அக்கண்ணை மருத்துவர் அகற்ற நேர்ந்தது. அவர் ஆந்தைமேற் குறை கூறவில்லை. பின்னரும் நெடுங்காலம் ஒற்றைக் கண்ணோடு பறவைகளைப் படமெடுத்து 1991இல் மறைந்தார். 1970இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுக்கு, பறவைக்காக ஒரு கண் என்னும் பொருளும் தொனிக்கும்படியே பெயரிட்டார்.

வவுனியா நேயர் குளத்துக்குப் போவதற்கு முன் வீட்டு முற்றத்திலே தொடங்கலாம். அகன்ற மண்சட்டியிலே இரண்டு விரல் ஆழத்துக்கு நீர் விட்டு, வேலியிலிருந்து நாலைந்து அடி தள்ளி வைக்கட்டும். பூனை பதுங்கும் செடி பக்கத்தில் இருத்தலாகாது. முதலில் வருவது புலுனிக் கூட்டமாக இருக்கும். அவை எவரையும் பொருட்படுத்துவதில்லை. மைனாவும் கொண்டைக் குருவியும் அடுத்து வரும். செண்பகம் இறுதியாக, எல்லாம் போனபின், வேலியடியால் நடந்து வரும். அது நீர் குடிக்கும்போது கமராவின் ஓசையைக் கேட்டுத் தலை தூக்காமல் இருக்குமாயின், குளக்கரைக்குப் போகலாம். முக்காலி கிறீச்சிடுகிறதா என்பதையும் அதற்குள் கண்டுகொள்ளலாம். கிறீச்சிட்டால் ஆணிகளுக்கு எண்ணெய் விட வேண்டும். மழையில் நனைந்த கூடாரத்தை ஈரத்தோடு பையிலிட்டால் ஒரு கிழமையிற் பூஞ்சணம் பிடித்துவிடும். கொடியிலே ஒருநாள் முழுதும் நிழலில் உலர்த்திய பின்பே மடித்து வைக்கவும்.